பேய்க்கதை எழுதுகிறேன், யாரும் பயப்படவில்லை, அம்மாவைத் தவிர

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. அவருடைய அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்:

“எனக்கு 31 வயது. மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். ஐந்து வருடமாகத் திகில் கதைகள் எழுதுகிறேன். ஒன்பது கதை சேர்ந்திருக்கிறது. சித்தி மகன் பேனா மையில் நன்றாக வரைவான். இருவரும் சேர்ந்து படங்களோடு புத்தகமாகப் போட ஆசை. போன மாதம் ஒரு வாசகர் சந்திப்பில் ஒரு கதையை வாசித்தேன். யாரும் பயப்படவில்லை. ஒருவர் சிரித்தே விட்டார். மூத்தவர் ஒருவர், ‘மொழி நன்றாக வருகிறது, பேயை விட்டுவிட்டு இலக்கியம் எழுதுங்கள்’ என்றார். வீட்டில் அம்மா, ‘விளக்கு ஏற்றிய வீட்டில் உட்கார்ந்து பேயைக் கூப்பிடுகிறாய்’ என்று இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வார்டில் பார்த்ததை எழுதலாமா? பெயரை மாற்றினால் போதும்தானே? பொந்தியானாக் பற்றி ஒரு கதை இருக்கிறது, அது மலாய்க்காரர்களுடைய பேயாயிற்றே, சேர்க்கலாமா? தம்பிக்கு எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? படங்களைச் செயற்கை நுண்ணறிவிலேயே ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாமே என்கிறார் ஒரு நண்பர். புனைபெயர் வைத்துக்கொள்ளட்டுமா? வாசித்த கதையையும் ஒன்பது கதைகளின் சுருக்கப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.”

அன்புள்ள வாசகிக்கு,

கதையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எம்ஆர்டி ரயில் நெரிசலில், கதவோரம் நின்றுகொண்டு. அது நியாயமான வாசிப்பு இல்லை என்று தோன்றியதால், மறுநாள் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இன்னொரு தடவை. சிரித்தவர்மேல் கோபப்படாதீர்கள். ஐந்தாம் பக்கத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான்காம் பக்கத்தில் ஓரிடத்தில் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. இருபது வருடமாகக் கைப்பிரதி திருத்துகிறவனுக்கு அப்படி நடப்பது அபூர்வம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் கதைத்தலைவி மாலை வேலை முடிந்து, கடைசி ரயிலைப் பிடித்து, நள்ளிரவு தாண்டி வீடு திரும்புகிறாள். பக்கத்து வீட்டுத் தாத்தா காலமாகி மூன்று வாரம் ஆகிறது. தாழ்வாரத்தில் நடக்கும்போது அவள் பார்ப்பதை இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘தாத்தாவின் ரப்பர் செருப்பு எப்போதும் கதவைப் பார்த்துக் கிடக்கும். இன்றைக்கு வெளியே பார்த்துக் கிடந்தது.’

இதுதான் அந்த இடம். வீட்டுக்குள் போனவருடைய செருப்பு கதவைப் பார்க்கும். வெளியே பார்த்துக் கிடந்தால், கிளம்புவதற்குத் தோதாக யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. படித்த உடனே நான் எங்கள் வாசலை எட்டிப் பார்த்தேன். சத்தியமாக.

அடுத்த பத்தியிலேயே வெள்ளைச் சேலை வந்துவிடுகிறது. விரித்த கூந்தல், சிவந்த கண், கொலுசுச் சத்தம், தூரத்தில் நாய் ஊளை. பன்னிரண்டாம் மாடிக்கு எந்த நாய் ஊளை கேட்கும்? அது சினிமாவிலிருந்து நடந்து வந்த நாய். கொலுசும் அங்கிருந்துதான். வாசகர் அந்த உருவத்தை நூறு தடவை பார்த்துவிட்டார். செருப்பை மட்டும்தான் முதல் தடவை பார்க்கிறார். அறிமுகமானதைக் கண்டதும் அவருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. சிரிப்பு அந்த நிம்மதியால் வந்தது.

என் கையில் கொடுத்தால் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் வெட்டிவிட்டு இவ்வளவு மட்டும் வைப்பேன்:

‘அவள் காலாலேயே செருப்பைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தாள். வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டாள். காலையில் குப்பை கொட்டக் கதவைத் திறந்தபோது ஒரு செருப்பு அவள் வைத்த மாதிரியே தாத்தா வீட்டு வாசலில் கிடந்தது. இன்னொன்று அவள் வீட்டு வாசலில், அவள் கதவைப் பார்த்து.’

இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு இதைவிட நல்லது தோன்றும். பேய் எங்கே வரவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம், மின்தூக்கி. ஏழாம் மாடியில் தானாக நின்று கதவு திறக்கிறது, யாரும் இல்லை என்கிறீர்கள். செங்காங்கில் எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கும். ஏழாம் மாடியில் யாரோ பொத்தானை அழுத்திவிட்டுப் படியில் இறங்கிப் போயிருப்பார் என்றுதான் எவரும் நினைப்பார். கதையைப் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றுக்கு, மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் 2001இல் தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்கு, கொண்டுபோய் விடுங்கள். அப்போது பல புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் அங்கே இறங்கிப் படியில் நடக்க வேண்டும். இடைப்பட்ட மாடிகளில் மின்தூக்கிக்குக் கதவே கிடையாது, சுவர்தான். அப்படிப்பட்ட மாடியில் அது நின்றால்? கதவு திறந்தால்? நீங்கள் ஒரு உருவத்தையும் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

சரி, மூத்தவர் சொன்னதற்கு வருகிறேன். அவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். தமிழில் பேயை விட்டுவிட்டுத்தான் இலக்கியம் எழுத வேண்டுமென்றால் முதலில் கலிங்கத்துப்பரணியைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். செயங்கொண்டார் போரைப் பாடிய அளவுக்குப் பேய்களையும் பாடியிருக்கிறார். போர் முடிந்ததும் அவை களத்தில் கூழ் காய்ச்சக் கிளம்புகின்றன. அதற்கு முன் என்ன செய்கின்றன தெரியுமா? யானைக் கொம்பால் பல் விளக்குகின்றன, விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்கின்றன. கோரத்துக்கு நடுவில் காலைக்கடனை ஒழுங்காக முடிக்கும் பேயைப் படைத்தவருக்குத் திகிலும் சிரிப்பும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது தெரிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பால் விக்கி இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாலதி கோயில் கோயிலாக ஓடுகிறாள். ஒரு பெண் வடிவில் வந்து பிணத்தை வாங்கித் தின்றுவிடுகிறது இடாகினிப் பேய். காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்றுதான் பாட்டில் சொல்லிக்கொண்டார். அவரை நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம்.

மூத்தவரிடம் இதையெல்லாம் சொல்லிச் சண்டை போட வேண்டாம். உங்கள் மேசைக்குத்தான் இது. அதற்குத் தொல்காப்பியம் இன்னும் உதவும். மனத்தின் உணர்ச்சி உடலில் தெரிவதற்கு மெய்ப்பாடு என்று பெயர், அந்த எட்டில் அச்சமும் ஒன்று. அது எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு, அதாவது பேய் பிசாசு தெய்வம், உங்களுக்குத் தெரியும், ஒன்பது கதையிலும் அதுவேதான் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்காவதைப் பாருங்கள். தனக்கு மேலே இருப்பவர்மேல் உள்ள பயம். அரசன் என்று வைத்துக்கொள்ளலாம், ஆசிரியர், தந்தை, முதலாளி யாராகவும் இருக்கலாம். இரவு வேலையில் மருந்து கொடுப்பதில் ஒரு சின்னத் தவறு செய்துவிட்ட தாதி. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் விடியும்வரை ஒரு கட்டிலிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. காலியாக இருக்கும் கட்டில் அது. இதில் அணங்கும் இறையும் ஒன்றாகச் சேர்கின்றன. இப்படி இரண்டு பயம் சேரும்போதுதான் கதைக்கு எலும்பு கிடைக்கிறது.

இளிவரல் என்ற அருவருப்புக்கும் நான்கு காரணம் சொல்கிறார் தொல்காப்பியர்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இந்த நான்கையும் நீங்கள் ஒவ்வொரு நாளும் கையுறை போட்டுத் தொடுகிறீர்கள். இங்கே எழுதும் எங்களில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மருட்கை என்று இன்னொன்று, புதுமையும் பெருமையும் கண்டு மலைப்பது. புத்தகக் கடையில் டார்க் ஃபேண்டசி என்று பெயர் ஒட்டிய அலமாரியில் இருப்பதெல்லாம் மருட்கையும் அச்சமும் கலந்த கலவைதான். அளவு மாறும், அவ்வளவே.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பட்டியலில் மூன்றாவது கதை பழைய சாங்கி மருத்துவமனையில் நடக்கிறது. என்னிடம் வரும் திகில் கைப்பிரதிகளில் பாதி அங்கேதான் போய் நிற்கின்றன. 1930களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் கட்டிய கட்டடம், 1997இல் மருத்துவமனை அங்கிருந்து மாறிப்போனது, அதற்கப்புறம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாத பையன் இல்லை. சித்திரவதைக் கூடம் என்பதெல்லாம் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டது. அதை வரலாறு மாதிரி எழுதாதீர்கள். மருத்துவமனையில் வேலை செய்யும் நீங்கள், மருத்துவமனைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த பையன்கள் எழுதியதையே ஏன் திரும்ப எழுத வேண்டும்?

இந்த ஊரில் இறந்தவர்களுக்கும் இடப்பிரச்சினை உண்டு. திகில் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பிடாடாரி இடுகாடு 1972இல் மூடப்பட்டது. கிறிஸ்துவர், முஸ்லிம்களோடு இந்துக்களுக்கும் அங்கே ஒரு பகுதி இருந்தது. 2001க்கும் 2006க்கும் இடையில் லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இப்போது அங்கே வீவக வீடுகள், பூங்கா. பெயரைக் கவனித்தீர்களா? பிடாடாரி என்றால் மலாயில் தேவதை. சமஸ்கிருத வித்யாதரியிலிருந்து வந்த சொல். நம் காப்பியங்களில் வானத்தில் பறக்கும் அதே விஞ்சையர் கூட்டம். சுவா சூ காங் இடுகாட்டில் 1998 முதல் ஒரு கல்லறைக்கு 15 வருடம்தான் தவணை. அதற்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். தவணை முடிவதைத் தெரிவிக்கும் கடிதம் ஒரு வீட்டுக்கு வருகிறது, முகவரி இறந்தவர் பெயருக்கு. இதை நான் எழுதலாம் என்று பல வருடமாக வைத்திருந்தேன். எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அங்கே படுத்திருந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில் ரயில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கதையில் உண்மைக் கல்லறை எதையும் அடையாளம் காட்டிவிடாதீர்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2024இல் ஆடி அமாவாசையும், இறந்தவர்கள் திரும்பி வருவதாகச் சீனர்கள் நம்பும் ஏழாம் மாதத்தின் தொடக்கமும் ஒரே நாளில் வந்தன, ஆகஸ்ட் 4. ஒரே புளோக்கில் ஒரு வீட்டில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும், கீழே புல்தரையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் அப்பாவுக்குக் காகிதப் பணம் எரிக்கிறார். இரண்டு அப்பாக்களும் ஒரே மின்தூக்கியில் வருவார்களா? ஏழாம் மாதத்தில் நடக்கும் கெத்தாய் என்ற மேடைப் பாட்டு நிகழ்ச்சியில் முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டிருப்பார்கள், இறந்தவர்கள் வந்து உட்காருவதற்கு. விவரம் தெரியாமல் அதில் போய் உட்கார்ந்த தமிழ்ப் பிள்ளை எத்தனை பேர்! நானும் ஒருவன். பத்து வயது இருக்கும். பின்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் ஒன்றும் பேசாமல் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்த விரல்கள் இன்னும் கழுத்தில் இருக்கின்றன.

பொந்தியானாக்கைச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம். அதைத் திரைக்குக் கொண்டுவந்ததில் நம் பக்கத்து ஆள் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1957இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக நடிகை மரியா மெனாடோவை வைத்து அந்தப் பேயைப் படமாக எடுத்த இயக்குநர் பி.என். ராவ், இந்தியாவிலிருந்து வந்தவர். படம் பெரிய வெற்றி. அடுத்தடுத்து அதே பேயை வைத்துப் படங்கள் வந்தன. அந்த முதல் படத்தின் பிரதி இன்று இல்லை, தொலைந்துவிட்டது. ஆக, இது யார் எழுதலாம் என்ற கேள்வியே இல்லை. என்ன தெரிந்துகொண்டு எழுதுகிறீர்கள் என்பதுதான். உங்கள் சுருக்கத்தைப் பார்த்தால் மோகினிக்குப் பொந்தியானாக் என்று பெயர் மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பிள்ளைப்பேற்றில் இறந்தவள் அவள். வாழைமரம் என்றும், செண்பகப் பூவுக்கு மலாயில் கெம்போஜா என்று சொல்லி அதன் வாசனை என்றும் எழுதியிருக்கிறீர்களே, கெம்போஜா செண்பகம் இல்லை, நம் ஊரில் சிலர் பெருங்கள்ளி என்றும் ஈழத்தலரி என்றும் சொல்கிற மரம். இடுகாடுகளில் நிற்கும். இந்த மாதிரித் தவறை மலாய் வாசகர் ஒரே வரியில் பிடித்துவிடுவார். உங்கள் வார்டில் மலாய்த் தோழி இல்லாமலா இருப்பார்? கதையை வாயால் சொல்லிக் காட்டுங்கள். எங்கே முகம் சுளிக்கிறார் என்று பாருங்கள்.

பிள்ளைப்பேறு என்றதும் உங்கள் அம்மாவிடம் வந்துவிட்டோம். சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் பெரியாச்சி சன்னிதியைப் பார்த்திருப்பீர்கள். மடியில் கிடத்திய ராணியின் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவும் கோலம். எந்தத் திகில் புத்தக அட்டையிலும் அப்படி ஒரு படத்தைப் போடத் துணிய மாட்டார்கள். ஆனால் பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் தாயும் குழந்தையும் போய்க் கும்பிடுவது அவளைத்தான், தாயையும் சேயையும் காப்பவள் என்று. உங்களையும் அப்படித் தூக்கிப் போயிருந்தால், நீங்கள் வெளியுலகில் முதலில் பார்த்த கோர உருவத்தை உங்களுக்குக் காட்டியவரே அம்மாதான். கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு வேண்டாம், கதை கேட்கிற மாதிரி கேளுங்கள். பிரசவத்தில் செத்தவள் பேயாக அலைகிறாள், பிரசவத்தைக் காப்பவள் கோரமாக உட்கார்ந்திருக்கிறாள், இரண்டும் ஒரே தீவில். அம்மா சொல்வதிலிருந்து உங்கள் பொந்தியானாக் கதைக்கு இரண்டாம் பாதி கிடைத்தாலும் ஆச்சரியம் இல்லை.

மற்றபடி, அம்மாவுக்காக ஒன்று விட்டுக்கொடுங்கள். விளக்கு ஏற்றும் நேரத்தில் எழுதாதீர்கள். இதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நடுராத்திரியில் எழுதும் திகில் கதை எழுதுகிறவரைத்தான் பயமுறுத்தும், அந்தப் பயம் எழுதிய தாளில் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். வெயிலில், கோப்பிக் கடையில், சத்தத்துக்கு நடுவில் எழுதியும் நடுங்க வைக்கிறதென்றால் அந்தப் பத்தி தேறிவிட்டது.

வார்டில் பார்த்தது. இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெயரை மாற்றினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. சில வருடம் முன்பு நான் திருத்திய ஒரு தொகுப்பில் (அதுவும் மருத்துவமனைக் கதைதான்) பெயர், வயது, இனம் எல்லாவற்றையும் எழுதியவர் மாற்றியிருந்தார். ஆனால் நோயாளி தலையணைக்கு அடியில் ஒரு பொம்மை ரயிலை வைத்திருந்தார் என்ற விவரத்தை அப்படியே விட்டுவிட்டார். அழகான விவரம், நானும் வெட்டவில்லை. புத்தகம் வந்த மூன்றாம் வாரம் அந்த நோயாளியின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. “அது எங்கள் அப்பா” என்று மட்டும் சொன்னார். அந்தப் பழி என்னுடையது, எழுதியவருடையது அல்ல. திருத்துகிறவன் கேட்டிருக்க வேண்டும். இந்தச் சின்ன ஊரில் மூன்று விவரம் கொடுத்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதனால் எங்கே கோடு போடுவது என்றால்: நோயாளிக்குச் சொந்தமானது எதுவும் கதைக்குள் வரக்கூடாது. நோய், சொன்ன வார்த்தை, கையில் வைத்திருந்த பொருள், இறந்த நேரம், எதுவும். உங்களுக்குச் சொந்தமானது எல்லாம் வரலாம். காலில் வந்த வலி, மூன்று மணிக்கு வரும் பசி, திரையை இழுக்கும்போது வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம், வேலை மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கையில் எதையோ சொல்ல மறந்துவிட்டோம் என்ற நினைப்பு. வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட தாளையும் எடுத்துப் படியுங்கள். வெளியில் எழுத முன் அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தால் வாங்கிவிடுங்கள்.

தம்பி விஷயம். சொந்தக்காரன்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். சொந்தம் என்பதால்தான் எழுதி வைக்க வேண்டும். ஒருமுறை ஓவியர் ஒருவரை ஒரு பதிப்பகத்துக்கு அறிமுகப்படுத்தினேன், பெயர் வேண்டாம். அட்டைப்படத்துக்கு ஒரு தொகை, அவ்வளவுதான் பேச்சு. மறுபதிப்பில் அதே படம், அவர் பெயர் இல்லாமல். அப்புறம் புத்தகத்தோடு இலவசமாகக் கொடுத்த துணிப்பையிலும். ஓவியர் அதை முதன்முதலில் பார்த்தது ஒரு கடையில், யாரோ அந்தப் பையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

சட்டம் உங்கள் தம்பி பக்கம் இருக்கிறது. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை, அதனால் படத்தின் உரிமை அவனுடையது. அதை உங்களுக்கோ பதிப்பகத்துக்கோ மாற்ற வேண்டுமென்றால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உரிமையை வாங்காதீர்கள் என்பது என் யோசனை. இந்தப் புத்தகத்தில், இந்தப் பதிப்பில் அச்சிட அனுமதி மட்டும் வாங்குங்கள். மறுபதிப்பு, மின்னூல், சட்டை, பை எல்லாவற்றுக்கும் திரும்பக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி. பணத்துக்கு, அட்டைக்குத் தனியாக ஒரு தொகையை முன்கூட்டியே சிங்கப்பூர் வெள்ளியில் கொடுத்துவிடுங்கள். உள்படங்களுக்கு உங்களுக்கு வரும் ராயல்டியில் பங்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்பது கதைக்கு ஒன்பது முழுப்பக்கப் படம் என்றால் பாதிக்குப் பாதி கேட்டாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன். தமிழ்ப் புத்தகத்தில் பாதி என்பது எவ்வளவு என்று தம்பிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பாவம்.

செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் தரும் என்ற நண்பர் சொன்னது சரிதான், தரும். எதைத் தரும்? வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல். உங்கள் ஐந்தாம் பக்கத்தைத்தான் படமாகத் திருப்பித் தரும். அந்த ரப்பர் செருப்பில் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் தெரிய வேண்டும், தம்பியிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். அவனுக்கு ஒரு எச்சரிக்கை: அதே சட்டம், கணினிப் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளைப் படியெடுக்க விலக்கும் தந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் தடுத்து எழுதினாலும் நிற்காது. இணையத்தில் போடுவதாக இருந்தால் சின்ன அளவில் மட்டும் போடட்டும்.

அவன் பேயை வரையவே வேண்டாம் என்பது என் ஆசை. கதை சொல்லாமல் விட்டதைப் படம் சொல்லிவிட்டால் இரண்டும் கெடும். மூடிய கதவு, மின்தூக்கிப் பொத்தான், காலிக் கட்டில், போதும். இன்னொரு நடைமுறை விஷயம். கறுப்பு மையை அப்பி வரைகிறவன் என்றால் தாளை முன்பே முடிவு செய்யுங்கள். சென்னையில் அச்சடித்தால் செலவு குறையும் என்று நிறையப் பேர் அங்கேதான் கொடுக்கிறோம். மெல்லிய தாளில் முழுக்கறுப்புப் படம் பின்பக்கம் தெரியும். பின்பக்கக் கதையின் நடுவில் ஒரு நிழல் கிடக்கும். திகில் புத்தகத்துக்குப் பொருத்தம்தானே என்று ஒரு அச்சக நண்பர் என்னைச் சமாதானப்படுத்தினார், நான் சமாதானம் ஆகவில்லை. 80 ஜிஎஸ்எம் எடைக்குக் குறையாத தாளாகக் கேளுங்கள், படத்தின் பின்பக்கத்தைக் காலியாக விட முடிந்தால் விடுங்கள். கோட்டோவியத்தை 1200 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்து கொடுக்கச் சொல்லுங்கள், 300இல் கோடுகள் பிசிறும்.

புனைபெயர் கேட்டிருந்தீர்கள். 1989 முதல் இங்கே சக்கைப்போடு போடும் ஆங்கிலப் பேய்க்கதை வரிசையின் ஆசிரியர் ரஸ்ஸல் லீ, பொது இடத்தில் கறுப்பு முகமூடியோடுதான் வருவார். அவருக்கு அது நன்றாக வேலை செய்கிறது. தமிழில் சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனது போல நல்ல பெயர் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பயந்து வேண்டாம், அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் எந்த மருத்துவமனை என்று பின்னட்டைக் குறிப்பில் போடுவதாக இருந்தால் சொந்தப் பெயர் வேண்டாம். இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

வழி என்று பார்த்தால், ஒன்பதையும் சேர்த்து உடனே புத்தகமாக்க அவசரப்படாதீர்கள். இரண்டு கதையைத் தனியே எடுத்துத் தேற்றுங்கள். தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருதுக்குத் தமிழ்ச் சிறுகதைப் பிரிவு உண்டு. திகில் என்று தனிப்பிரிவு கிடையாது, மற்ற கதைகளோடுதான் நிற்க வேண்டும். நிற்கட்டும். புத்தகமாக நீங்களே போட்டால், வெளிவந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதி தேசிய நூலக வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும், அது சட்டம்.

செருப்புக் கதையைத் திருத்தி எனக்கு அனுப்புங்கள், ஐந்தாம் பக்கம் இல்லாமல். பழைய புளோக்குக்கு மாற்றுவதாக இருந்தால், மின்தூக்கி எந்தெந்த மாடியில் நிற்கும் என்பதை முதல் பக்கத்திலேயே, ஒரு புகார் மாதிரி, யாராவது அலுத்துக்கொண்டே சொல்லிவிடட்டும். ஏழாம் மாதம் பிறப்பதற்கு முன்னால் அனுப்பினால் நல்லது. எங்கள் தாழ்வாரத்தில் ஒரு விளக்கு பத்து நாளாக எரியவில்லை.